கம்பியில்லா ஒலிவாங்கி: அமைப்பும் இயக்கமும்

கம்பியில்லா ஒலிவாங்கி என்பது பேசுபவரின் குரலை மின்கம்பி வழியாக அல்லாமல் வானொலி அலைகளின் வழியாக ஒலிபெருக்கிக்குக் கொண்டுசெல்லும் கருவித் தொகுதி ஆகும். தமிழ்நாட்டில் கையில் பிடிக்கும் வகை 'கார்ட்லெஸ் மைக்' என்றும், சட்டையில் குத்திக்கொள்ளும் வகை 'காலர் மைக்' என்றும் பேச்சுவழக்கில் அழைக்கப்படுகின்றன. பள்ளி ஆண்டு விழா, பட்டிமன்றம், திருமண மண்டபம், கோயில் திருவிழா, அரசியல் கூட்டம் என எல்லா இடங்களிலும் இது பயன்பாட்டில் உள்ளது.

கம்பி இல்லாததால் வேலை குறைவு என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் ஒரு கம்பி செய்துவந்த வேலையை இங்கே மூன்று பொருள்கள் பகிர்ந்துகொள்கின்றன: சரியான அலைவரிசை, ஆன்டெனா வைக்கப்படும் இடம், மின்கலம். நிகழ்ச்சியின் நடுவே குரல் அறுந்துபோனால் பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றே காரணமாக இருக்கும். மூன்றையும் நிகழ்ச்சி தொடங்கும் முன்பே சோதித்துவிட முடியும்.

பாகங்கள்

ஒரு தொகுதியில் குறைந்தது இரண்டு கருவிகள் இருக்கும்.

பரப்பி: குரலை மின்குறிப்பாக மாற்றி, வானொலி அலையில் ஏற்றி அனுப்புவது. கைப்பிடி வகையில் ஒலிவாங்கியும் பரப்பியும் ஒரே குழலுக்குள் அமைந்திருக்கும். காலர் மைக்கிலும், தலையில் மாட்டும் வகையிலும் பரப்பி தனிப் பெட்டியாக இடுப்பில் செருகப்படும்.

ஏற்பி: அலையைப் பெற்று மீண்டும் மின்குறிப்பாக்கித் தருவது. இதிலிருந்து ஒரு கம்பி மிக்சருக்கோ ஆம்ப்ளிஃபையருக்கோ செல்லும். எனவே கம்பியில்லாத் தொகுதியிலும் ஏற்பிக்குப் பின்னால் உள்ள பகுதி முழுவதும் கம்பி வழியேதான் இயங்குகிறது.

நல்ல ஏற்பிகளில் இரண்டு ஆன்டெனாக்கள் இருக்கும். சுவர், தூண், இரும்புக் கூரை ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் அலைகள் நேரடி அலையோடு மோதிச் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். பேசுபவர் அந்த இடத்தில் கால் வைத்ததும் குரல் நொடிப்பொழுது மறையும். ஓர் ஆன்டெனாவில் அலை அழிந்தாலும் மற்றொன்றில் அதே நொடியில் அழிவது அரிது. ஏற்பி எந்நேரமும் இரண்டில் வலுவானதைத் தேர்ந்துகொள்கிறது.

வரலாறு

இங்கிலாந்தைச் சேர்ந்த ரெக் மூர்ஸ் 1949-இல் பிரைட்டன் நகரில் பனிச்சறுக்கு நாடகம் ஒன்றிற்காகக் கம்பியில்லா ஒலிவாங்கியை உருவாக்கிப் பயன்படுத்தினார். அவர் பயன்படுத்திய 76 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அனுமதி இல்லாததால் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோரவில்லை. காற்றில் உள்ள அலைவரிசை பொதுச் சொத்து, அதற்கு அனுமதி வேண்டும் என்ற சிக்கல் இக்கருவியின் பிறப்பிலேயே தொடங்கிவிட்டது.

1953-இல் அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 'வேகபாண்ட்' என்ற தொகுதியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது ஏறத்தாழ 700 சதுர அடிப் பரப்பில் மட்டுமே வேலை செய்தது. 1957-இல் செருமனியின் சென்ஹைசர் நிறுவனம் அந்நாட்டு வானொலி நிறுவனம் ஒன்றோடு இணைந்து ஒளிபரப்புக்கேற்ற தொகுதியை உருவாக்கியது. 1964-இல் வெளிவந்த 'மை ஃபேர் லேடி' திரைப்படத்தில் நடிகர் ரெக்ஸ் ஹாரிசனின் பாடல்கள், அவருடைய கழுத்துப்பட்டையில் மறைக்கப்பட்ட கம்பியில்லா ஒலிவாங்கி மூலம் படப்பிடிப்பின்போதே பதிவுசெய்யப்பட்டன.

தொடக்கக் காலக் கருவிகளில் இரைச்சல் மிகுதி. 1976-இல் நேடி நிறுவனம், பரப்பியில் ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கி அனுப்பி, ஏற்பியில் விரித்துத் தரும் முறையை இக்கருவிகளில் புகுத்தியது. இதன்பின் இரைச்சல் வெகுவாகக் குறைந்தது.

செயற்படும் விதம்

பெரும்பாலான கருவிகள் அதிர்வெண் பண்பேற்றத்தில், அதாவது பண்பலை வானொலியின் முறையிலேயே இயங்குகின்றன. ஒரு பரப்பி ஒரு சிறிய வானொலி நிலையம் என்றே கொள்ளலாம். அதன் வலு சில மில்லிவாட் முதல் சில பத்து மில்லிவாட் வரைதான் இருக்கும்.

இம்முறைக்கு ஒரு சிறப்பியல்பு உண்டு. ஒரே அலைவரிசையில் இரண்டு அலைகள் வந்தால் ஏற்பி இரண்டையும் கலந்து தராது. வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிடும். அடுத்த மண்டபத்துப் பேச்சு தம் ஒலிபெருக்கியில் திடீரெனக் கேட்பதற்கு இதுவே காரணம். தம் பரப்பி தொலைவில் இருந்து, அயலாரின் பரப்பி அருகில் இருந்தால், அயலாரின் குரலே வெல்லும்.

பரப்பி அணைந்திருக்கும்போது ஏற்பி காற்றில் உள்ள இரைச்சலை வெளியிடாதவாறு ஓர் இரைச்சல் அடக்கி அதனுள் உண்டு. மலிவான கருவிகளில் இது சரிவர வேலை செய்வதில்லை. பரப்பியை அணைத்தவுடன் ஒலிபெருக்கி 'பட்' என்று அதிர்வதும், சீறுவதும் இதனால்தான்.

அலைவரிசைப் பட்டைகள்

88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ்: விளையாட்டுப் பொருள் போன்ற மிக மலிவான கருவிகள் பண்பலை வானொலிப் பட்டையிலேயே அனுப்புகின்றன. கொடைக்கானலில் இருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் வானொலி நிலையம் தேனி, கம்பம் பள்ளத்தாக்கு முழுதும் வலுவாக எட்டுகிறது. அதன் அருகே இசைக்கப்பட்ட சிறு பரப்பி அதனோடு போட்டியிட முடியாது. பொது நிகழ்ச்சிக்கு இவ்வகை ஏற்றதன்று.

174 முதல் 216 மெகாஹெர்ட்ஸ்: பழைய ஒற்றை அலைவரிசைக் கருவிகள் இப்பட்டையில் உள்ளன. ஆன்டெனா நீளமாக இருக்கும். அலைவரிசையை மாற்ற இயலாதவை மிகுதி.

470 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்: தொழில்முறைக் கருவிகளுள் பெரும்பாலானவை இப்பட்டையில் இயங்குகின்றன. 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 50 சென்டிமீட்டர். அதன் கால் பங்கான பன்னிரண்டரை சென்டிமீட்டர் ஆன்டெனா போதும்.

2.4 கிகாஹெர்ட்ஸ்: எண்முறைக் கருவிகள். வைஃபை, புளூடூத் ஆகியவையும் இதே பட்டையில் உள்ளன.

700 மெகாஹெர்ட்ஸ் குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. 2022 ஆகஸ்டு முதல் நாள் முடிந்த ஏலத்தில் இப்பட்டையின் ஒரு பகுதியை ரிலையன்ஸ் ஜியோ நிறுவனம் நாடு முழுவதற்கும் பெற்றது. அலைபேசிக் கோபுரங்கள் இப்போது அங்கே அலைபரப்புகின்றன. அமெரிக்காவிலும் 2010 ஜூன் மாதத்திலிருந்து 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் கம்பியில்லா ஒலிவாங்கிகள் தடை செய்யப்பட்டன. பழைய கருவி ஒன்று முன்பு நன்றாக வேலை செய்து, இப்போது காரணமின்றித் தடுமாறினால், அதன் பின்புறம் அச்சிடப்பட்டுள்ள அதிர்வெண்ணைப் பார்க்க வேண்டும். பழைய கருவியை மலிவு விலைக்கு வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியதும் இதையே.

இந்தியாவில் அலைவரிசை ஒதுக்கீட்டைத் தொலைத்தொடர்புத் துறையின்கீழ் உள்ள கம்பியில்லாத் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவு கவனிக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் குறிப்பிட்ட வலுவுக்கு உட்பட்ட கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை. மற்ற பட்டைகளில் இயங்கும் கருவியை வாங்கும் முன், அதற்குரிய ஒப்புதல் சான்றை விற்பனையாளரிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது.

அமைக்கும் முறை

1. ஏற்பியின் இடம்: ஏற்பியை மேடைக்கு அருகில், பேசுபவரை நேராகப் 'பார்க்கும்' இடத்தில் வைக்க வேண்டும். மண்டபத்தின் கடைசியில் மிக்சர் இருக்கிறது என்பதற்காக ஏற்பியையும் அங்கே வைப்பது பரவலான தவறு. ஏற்பியை மேடையருகே வைத்து அங்கிருந்து மிக்சருக்கு நீண்ட கம்பி இழுப்பதே மேல்.

2. உயரம்: மனித உடலின் பெரும்பகுதி நீர். நீர் இந்த அலைகளை உறிஞ்சும். எனவே ஆன்டெனா கூட்டத்தின் தலைமட்டத்திற்கு மேல் இருக்க வேண்டும். இரும்புப் பீரோ, தகரத் தடுப்பு, ஆம்ப்ளிஃபையர், எல்.இ.டி. திரை ஆகியவற்றிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இரண்டு ஆன்டெனாக்களையும் விரித்த இரு விரல்கள் போலச் சாய்த்து வைக்கலாம்.

3. அலைவரிசைத் தேர்வு: எல்லாப் பரப்பிகளையும் அணைத்துவிட்டு, ஏற்பியை மட்டும் இயக்க வேண்டும். அலை வருவதைக் காட்டும் விளக்கு அப்போதும் எரிந்தால், அந்த அலைவரிசையில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று பொருள். விளக்கு எரியாத வேறொரு அலைவரிசைக்கு ஏற்பியை மாற்றி, பிறகு பரப்பியையும் அதற்கே இசைக்க வேண்டும். தானே தேடித் தரும் வசதி உள்ள ஏற்பிகளில் அதைப் பயன்படுத்தலாம்.

4. மின்கலம்: நிகழ்ச்சி தோறும் புதிய ஆல்கலைன் பென்சில் செல் இடுவது பாதுகாப்பான வழக்கம். மறுமின்னேற்றம் செய்யத்தக்க நிக்கல் வகைக் கலம் 1.5 வோல்ட்டுக்குப் பதிலாக 1.2 வோல்ட் தருவதால், கருவியின் மின்னளவு காட்டி தவறான அளவைக் காட்டக்கூடும். அவ்வகைக் கலம் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று முன்னரே ஒரு நாள் ஓட்டிப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.

5. ஒலியளவு: பரப்பி, ஏற்பி, மிக்சர் என மூன்று இடங்களில் ஒலியளவைக் கூட்டலாம். முதலில் பரப்பியில் சரிசெய்ய வேண்டும். பேசுபவர் மேடையில் பேசும் அதே உரத்த குரலில் பேச, ஏற்பியின் ஒலி விளக்கு நன்றாக எரிய வேண்டும்; சிவப்பு விளக்கு அரிதாகவே மின்ன வேண்டும். பிறகே மற்ற இரண்டையும் தொட வேண்டும். பரப்பியிலேயே குரல் உடைந்துவிட்டால் மிக்சரில் குறைத்துப் பயனில்லை.

6. நடந்து பார்த்தல்: ஒருவர் பேசிக்கொண்டே மேடை முழுதும், படிக்கட்டு, திரைக்குப் பின்புறம், பரிசளிக்கும் இடம் வரை நடக்க வேண்டும். மற்றவர் ஏற்பியின் விளக்கைப் பார்க்க வேண்டும். வெறும் மண்டபத்தில் சரியாக வேலை செய்தது கூட்டம் நிறைந்ததும் தடுமாறலாம். உடல்கள் அலையை உறிஞ்சுவதும், நூற்றுக்கணக்கான அலைபேசிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்குவதும் இதற்குக் காரணங்கள். சோதனையின்போதே ஓரளவு உபரி வலு இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

7. இயக்கும் வரிசை: மிக்சரில் ஒலியைக் குறைத்து வைத்து ஏற்பியை இயக்கி, பிறகு பரப்பியை இயக்கி, கடைசியாக ஒலியைக் கூட்ட வேண்டும். முடிக்கும்போது ஒலியைக் குறைத்தபின் பரப்பியை அணைக்க வேண்டும். ஏற்பி இயங்கிக்கொண்டிருக்க, பரப்பியை மட்டும் அணைத்துவிட்டுப் போவது அயல் அலைக்குக் கதவைத் திறந்துவைப்பதாகும்.

ஒரே மேடையில் பல ஒலிவாங்கிகள்

இரண்டு பரப்பிகள் அருகருகே இருந்தால் அவற்றின் அலைகள் கலந்து புதிய அலைகள் பிறக்கும். ஒன்றின் அதிர்வெண்ணை இரட்டித்து மற்றொன்றைக் கழித்தால் வருவது அவற்றுள் முக்கியமானது. எடுத்துக்காட்டாக, மூன்று ஒலிவாங்கிகளை 520, 521, 522 மெகாஹெர்ட்ஸ் எனச் சம இடைவெளியில் வைத்தால், 521-ஐ இரட்டித்து 520-ஐக் கழிக்க 522 வரும். முதல் இரண்டும் சேர்ந்து மூன்றாவதைக் கெடுக்கும். அதற்குப் பதில் 520, 521, 523 என்று வைத்தால் இந்த மோதல் இல்லை.

கணக்குப் போட இயலாதோர், உற்பத்தியாளர் தொகுத்துத் தந்துள்ள ஒரே குழுவிலிருந்து அலைவரிசைகளைத் தேர்ந்தால் போதும். வெவ்வேறு நிறுவனக் கருவிகளைக் கலந்து பயன்படுத்தும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இயக்கி, ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றை அணைத்ததும் அதன் ஏற்பியில் விளக்கு அணையாவிட்டால் அங்கே மோதல் உள்ளது.

ஒலிவாங்கியைப் பிடிக்கும் முறை

வாயிலிருந்து ஒலிவாங்கி விலகும் ஒவ்வோர் இரட்டிப்புத் தொலைவுக்கும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. 5 சென்டிமீட்டரில் பிடிப்பவர் கையை மார்புக்கு இறக்கி 40 சென்டிமீட்டரில் பிடித்தால், மூன்று இரட்டிப்புகள். 18 டெசிபல் இழப்பு. அதை ஈடுகட்ட மிக்சரில் ஒலியைக் கூட்டினால், ஒலிபெருக்கியின் சத்தம் மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து ஊளையிடும். மேடைப் பேச்சில் எழும் ஊளைக்குக் கருவியைவிட இதுவே அடிக்கடி காரணமாகிறது.

ஒலிவாங்கியின் தலையை உள்ளங்கையால் மூடிப் பிடித்தால் அது எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலியைப் பெறத் தொடங்கி ஊளையிடும். கைப்பிடியின் அடிப்பகுதியை மூடிப் பிடித்தால் அங்குள்ள ஆன்டெனா மறைந்து அலை குறையும். நடுப்பகுதியைப் பிடிப்பதே சரி. கையில் மைக்குடன் ஒலிபெருக்கியின் முன்னால் நடந்து செல்லக் கூடாது. விழாவுக்கு முந்தைய நாள் மாணவர்களுக்கு இதைச் சில நிமிடம் பழக்கினால், மறுநாள் ஒலிக்காரரின் வேலை பாதி குறையும். மெல்லிய குரல் கொண்ட குழந்தையின் பேச்சு கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோருக்குக் கேட்பது பெரும்பாலும் இந்தப் பயிற்சியைப் பொறுத்தது.

காலர் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் குத்த வேண்டும். சங்கிலி, பட்டுச் சேலை, அடையாள அட்டை ஆகியவை உரசும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். பெட்டியிலிருந்து தொங்கும் ஆன்டெனாக் கம்பியைச் சுருட்டிப் பைக்குள் திணிக்கக் கூடாது. மேடையை விட்டு இறங்கியதும் அணைக்க மறந்தால், அவரது தனிப்பேச்சும் அரங்கம் முழுதும் கேட்கும்.

பழனிசெட்டிபட்டி வட்டாரச் சூழல்

பழனிசெட்டிபட்டி, தேனி நகரை ஒட்டிக் கம்பம் செல்லும் சாலையில் அமைந்த பேரூராட்சி. இவ்வட்டாரத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது திருவிழாக் காலம். அருகில் உள்ள வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழாவுக்குத் தீச்சட்டி ஏந்தி வரும் பக்தர்கள் உட்படப் பெருந்திரளான மக்கள் கூடுகின்றனர். இத்தகைய விழாக்களில் கலை நிகழ்ச்சி மேடை, அன்னதானப் பந்தல், கடைகள், அறிவிப்பு மேடை எனப் பல ஒலியமைப்புகள் அருகருகே இயங்கும். ஒரே வகைக் கருவிகள் தொழிற்சாலையிலிருந்து வந்த அதே அலைவரிசையிலேயே இருந்தால் ஒருவர் குரல் மற்றவர் ஒலிபெருக்கியில் கேட்கும். கூட்டத்தில் பிரிந்த குழந்தையின் பெயரும் அடையாளமும் சொல்லப்படும் நேரத்தில் பாட்டுக் கச்சேரி குறுக்கிட்டால் அது வெறும் தொல்லையாக நில்லாது. ஒலியமைப்பாளர்கள் முதல்நாள் காலையிலேயே தத்தம் அலைவரிசைகளை ஒரு தாளில் எழுதிப் பகிர்ந்துகொள்வது இதற்கு எளிய தீர்வு. அறிவிப்பு மேடைக்குக் கம்பி மைக்கே வைப்பது அதனினும் சிறந்த தீர்வு.

இரண்டாவது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக் காலத்தில் வீசும் காற்று, மாவட்டத்தில் காற்றாலைகளைச் சுழற்றும் அளவுக்கு வலுவானது. ஆனி, ஆடி மாதங்களில் திறந்தவெளி மேடையில் ஒலிவாங்கியில் காற்று மோதி 'பொம் பொம்' என்ற ஒலி எழும். பஞ்சு உறை போடுவதும், மிக்சரில் தாழ்ந்த ஒலிகளை, அதாவது ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளவற்றைக் குறைப்பதும் உதவும். காற்று வரும் திசைக்கு முதுகு காட்டிப் பேசுமாறு மேடையை அமைத்தால் இன்னும் நல்லது.

வகுப்பறையில்

பெரிய வகுப்பில் நாள் முழுதும் உரக்கப் பேசும் ஆசிரியர்களுக்குக் குரல்வளைப் பாதிப்பு ஏற்படுவதுண்டு. சிறு ஒலிபெருக்கியுடன் கூடிய தலை மைக் இதனைக் குறைக்கும். கேட்டல் குறைபாடுள்ள மாணவருக்கு இதன் பயன் இன்னும் பெரிது. ஆசிரியர் அணியும் ஒலிவாங்கியிலிருந்து குரல் நேரே மாணவரின் செவித்துணைக் கருவிக்குச் செல்லும் அமைப்புகள் உள்ளன. செவித்துணைக் கருவி மட்டும் இருந்தால் அது மின்விசிறி, நாற்காலி ஓசைகளையும் சேர்த்தே பெருக்கும். ஆசிரியரின் வாயருகே உள்ள ஒலிவாங்கி அந்தத் தொலைவை இல்லாமலாக்குவதால் சொல் தெளிவாகக் கேட்கிறது.

பழுதைக் கண்டறிதல்

ஏற்பியில் அலைக்கு ஒன்றும் ஒலிக்கு ஒன்றுமாக இரண்டு விளக்குகள் இருக்கும். அவற்றைப் பார்த்தே பழுது இருக்கும் இடத்தைச் சொல்லிவிடலாம்.

இரண்டும் எரியவில்லை: பரப்பியின் மின்கலம் தீர்ந்திருக்கும், அல்லது இரண்டின் அலைவரிசையும் வேறுபட்டிருக்கும்.

அலை விளக்கு எரிகிறது, ஒலி விளக்கு எரியவில்லை: பரப்பியில் ஒலி நிறுத்தும் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கும், அல்லது காலர் மைக்கின் கம்பி அறுந்திருக்கும்.

இரண்டும் எரிகின்றன, சத்தம் இல்லை: பழுது ஏற்பிக்குப் பின்னால், கம்பியிலோ மிக்சரிலோ உள்ளது.

அலை விளக்கு விட்டுவிட்டு எரிகிறது: தொலைவு, மறைப்பு, வலுவிழந்த மின்கலம், அல்லது ஆன்டெனாவின் இடம்.

பரப்பி அணைந்தும் அலை விளக்கு எரிகிறது: அயல் அலை. அலைவரிசையை மாற்ற வேண்டும்.

பாதுகாப்பும் விதிகளும்

தரையிணைப்பு சரியில்லாத ஆம்ப்ளிஃபையரோடு இணைந்த கம்பி மைக்கைத் தொடும்போது மின் அதிர்ச்சி ஏற்படலாம்; மழையில் நனைந்த பந்தலில் இது உயிருக்கே ஆபத்து. கம்பியில்லாக் கருவியில் பேசுபவர் மின் இணைப்பிலிருந்து முற்றிலும் விலகி இருப்பதால் இந்த ஆபத்து இல்லை. ஆனால் மற்ற கருவிகளுக்கு நல்ல தரையிணைப்பு எப்போதும் தேவை.

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி ஒலிபெருக்கி பயன்படுத்த எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. பண்டிகைகளுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்வு அளிக்கலாம். குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாகும்.

பராமரிப்பு

நிகழ்ச்சி முடிந்ததும் மின்கலங்களைக் கழற்றிவிட வேண்டும். உள்ளேயே விட்டால் கசிந்து இணைப்புத் தகடுகளை அரித்துவிடும். கம்பி வலைத் தலையைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவி, முற்றிலும் உலர்ந்தபின் மாட்டலாம். ஒவ்வொரு பரப்பியிலும் அதன் ஏற்பியிலும் ஒரே எண்ணை ஒட்டிவைத்தால் மேடையில் குழப்பம் வராது.

கம்பி மைக் ஒன்றை எப்போதும் மாற்றாக இணைத்து வைத்திருப்பது அனுபவமுள்ள ஒலியமைப்பாளர்களின் வழக்கம். ஓரிடத்தில் நின்று பேசுபவருக்கும், அமர்ந்து அறிவிப்புச் செய்பவருக்கும் கம்பி மைக்கே போதுமானது. நடந்துகொண்டே பேசுவோர், நடிப்போர், கூட்டத்தினரிடையே சென்று கருத்துக் கேட்போர் ஆகியோருக்கே கம்பியில்லா ஒலிவாங்கி இன்றியமையாதது.